ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் ஏன் இழுக்கிறது? லேப்டாப்பில் கூட்டிய வேகமும், முன்சக்கரங்களின் திண்டாட்டமும்!

கோவையிலிருந்து தாராபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறார் அப்பா. எட்டு வயதான டீசல் ஹேட்ச்பேக். இருவழிச் சாலை. முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி நாற்பதில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. எதிரே சாலை காலி. இரண்டாவது கியருக்கு இறக்கி, வலதுபக்கம் ஏறி, அழுத்தி மிதிக்கிறார். கார் இதுவரை இல்லாத வேகத்தில் சீறுகிறது. கூடவே ஸ்டீயரிங், கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல வலதுபக்கம் வெட்டுகிறது. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, லாரியைத் தாண்டி, இடதுபக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வருகிறது.

“ஏங்கண்ணு, ஸ்டீயரிங் இந்த இழுப்பு இழுக்குது... அலைன்மென்ட் பாத்தியா, இல்லியா?”

“ரோடு சரியில்லைங்ப்பா” என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் இருக்கும் மகன் செல்போனுக்குள் தலையை நுழைத்துக்கொள்கிறான். போன வாரம் ஒரு ட்யூனிங் கடையில் லேப்டாப்பைச் செருகி, ஒரு மணி நேரத்தில் காரின் சக்தியைக் கூட்டிக்கொண்டு வந்த விஷயம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரும் காரும் மாறலாம். ‘ரீமேப்’ மோகம் புகுந்த வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. அப்பா சந்தேகப்படுவதுபோல இது அலைன்மென்ட் கோளாறும் அல்ல. மகன் சமாளிப்பதுபோல ரோட்டின் குற்றமும் அல்ல. இதற்கு ‘டார்க் ஸ்டீயர்’ என்று பெயர். இன்ஜினின் முறுக்குவிசையே ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்ப்பது. கார் உலகத்தின் பெரிய பெரிய இன்ஜினீயர்களையே பல வருடங்கள் தண்ணீர் குடிக்க வைத்த சமாசாரம் இது.

வடம் பிடிப்பவரே முட்டுக்கட்டையும் போட்டால்?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் இன்ஜின் முன்னால் இருந்தாலும், காரைத் தள்ளுவது பின்சக்கரங்கள். முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஒரு கூட்டம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள் வேறு கூட்டம். ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடுவதில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்குச் சக்தி போகும் பாதை என எல்லாமே பானெட்டுக்குள் அடங்கிவிட்டன. இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு முன்சக்கரங்கள். காருக்குள் இடம் மிச்சம், எடை மிச்சம், தயாரிப்புச் செலவும் மிச்சம். இன்று நம் ஊரில் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை இந்த ‘ஃப்ரன்ட் வீல் டிரைவ்’ ஜாதிதான். மாருதி 800-இன் இன்ஜினுக்கு 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது. முறுக்குவிசை, அதாவது டார்க், சுமார் 60 நியூட்டன் மீட்டர். அந்த அளவுக்கு இரண்டு வேலையையும் முன்சக்கரங்கள் முணுமுணுக்காமல் பார்த்துக்கொண்டன.

அந்த 60-ஐ மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கதவும் கீலும்

டார்க் ஸ்டீயர் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, வீட்டுக் கதவு போதும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் விரல் வைத்துத் தள்ளினால் அசையாது. கைப்பிடி அருகே தள்ளினால் சுலபமாகத் திறக்கும். கீலிலிருந்து எவ்வளவு தூரத்தில் விசை விழுகிறதோ, அவ்வளவு பலம்.

காரின் முன்சக்கரமும் ஒரு கதவுதான். அது திரும்புவதற்கு ஒரு கீல் இருக்கிறது. மேலே சஸ்பென்ஷன், கீழே பால் ஜாயின்ட், இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒரு கோடு. சக்கரத்தின் நடுப்புள்ளி இந்தக் கோட்டின் மேல் சரியாக அமைவதில்லை. கொஞ்சம் வெளியே தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே இன்ஜின் சக்கரத்தை முன்னால் உந்தும்போதெல்லாம், சக்கரம் கதவைப் போலத் திறக்கப் பார்க்கிறது. இடதுசக்கரம் காரை வலப்பக்கம் திருப்பப் பார்க்கும். வலதுசக்கரம் இடப்பக்கம் திருப்பப் பார்க்கும். இரண்டும் ஒரே ஸ்டீயரிங் ராடில் கட்டப்பட்டிருப்பதால், ஒன்றை ஒன்று அடக்கிக்கொள்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலம் என்றால் நடுவில் கட்டிய கைக்குட்டை அசையாது இல்லையா, அதுபோல.

ஒரு பக்கம் கொஞ்சம் ஓங்கினால்தான் வம்பு. அந்த மிச்ச பலம் நேராக டிரைவரின் கைக்கு வந்துவிடும்.

ஒரு பக்கம் ஏன் ஓங்குகிறது? இதற்கு 1964-க்குப் போக வேண்டும். அதற்கு ஐந்து வருடம் முன்பு, பிரிட்டனில் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி கார், இன்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்து உலகத்தை ஆச்சரியப்படுத்தியிருந்தது. அதில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில், அதே ஆயிலில் குளித்துக்கொண்டிருந்தது. இத்தாலியில் ஃபியட் நிறுவனத்தின் டான்டே ஜியாகோஸாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கியர்பாக்ஸை இன்ஜினின் பக்கவாட்டில், ஒரே வரிசையில் ஒட்டவைத்தார். புது யோசனை கவிழ்ந்துவிட்டால் ஃபியட்டின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, துணை நிறுவனமான ஆட்டோபியாங்கியின் பெயரில் ‘ப்ரிமுலா’ என்ற காராக அதை முதலில் இறக்கினார்கள். 1969-ல் ஃபியட் 128 அதே அமைப்போடு வந்தது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் பானெட்டைத் திறந்தால் தெரிவது ஜியாகோஸாவின் அந்த வரிசைதான்.

ஆனால், அதற்கு ஒரு விலை இருந்தது. இன்ஜின் ஒரு பக்கம் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கியர்பாக்ஸும் அதோடு சேர்ந்த டிஃபரன்ஷியலும் இன்னொரு பக்கம் ஒதுங்கிவிட்டன. அங்கிருந்து ஒரு சக்கரம் கிட்டே, மற்றது எட்டே. ஆகவே, ஒரு டிரைவ் ஷாஃப்ட் குட்டை, இன்னொன்று நெட்டை. மெக்கானிக்குகள் ‘ஆக்ஸில்’ என்று சொல்லும் அதே தண்டுதான். குட்டைத் தண்டு செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும். நெட்டைத் தண்டு படுத்தாற்போல இருக்கும். அழுத்தி மிதிக்கும்போது காரின் மூக்கு தூக்குகிறது அல்லவா, அப்போது இந்தச் சாய்வு வித்தியாசம் இன்னும் கூடும். சாய்ந்த தண்டு முறுக்கைக் கடத்தும்போது, அதன் முனையிலுள்ள சிவி ஜாயின்ட் சக்கரத்தைக் கொஞ்சம் பக்கவாட்டிலும் திருகிவிடும். இடமும் வலமும் ஒரே சாய்வில் இல்லாததால், இந்தத் திருகல்களும் ஒன்றை ஒன்று அடக்குவதில்லை.

பல கார்களில் டிஃபரன்ஷியல் இடதுபக்கம் இருக்கிறது. நெட்டைத் தண்டு வலப்பக்கம். டார்க் ஸ்டீயரில் கார் பெரும்பாலும் நெட்டைத் தண்டு இருக்கும் பக்கமே சாயும். அமெரிக்காவில் அது சாலை ஓரம். இடதுபக்கம் ஓட்டும் நம் நாட்டில், அது எதிரே பஸ் வரும் பக்கம்.

ஒரு மாருதி கூடுதலாக!

இந்தியாவில் ரீமேப் என்ற வார்த்தையைத் தெருமுனைவரை கொண்டுவந்தது டீசல் டர்போ ஹேட்ச்பேக்குகள்தான். ஒரு காலத்தில் ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் இன்ஜின், கம்பெனியிலிருந்து வரும்போதே 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. ஃபியட் உருவாக்கிய அந்த இன்ஜின் இங்கே பல கம்பெனி கார்களில் ஓடியதால், ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்றே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இதுபோன்ற ஓர் இன்ஜினின் 190-ஐ லேப்டாப்பில் 250 ஆக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடியது 60 நியூட்டன் மீட்டர். மாருதி 800-இன் மொத்த முறுக்கு அது! கார் அப்படியேதான் இருக்கிறது. முன்சக்கரங்களின் தலையில் மட்டும் இன்னொரு மாருதியை ஏற்றி வைத்தாயிற்று. அதோடு முடியவில்லை. முதல் கியரில் இன்ஜினின் முறுக்கு 12 மடங்குக்கு மேல் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகிறது. 60 என்பது அங்கே 700-ஐத் தாண்டிவிடும்.

டீசல் டர்போவில் இன்னொரு குணம் உண்டு. 1,800 ஆர்பிஎம் வரை தூங்கிக்கொண்டிருக்கும். 2,000-ஐத் தொட்டதும் திடீரென்று எழுந்து ஓடும். அந்தச் சீறலுக்காகத்தான் பையன்கள் காசு கொடுக்கிறார்கள். ஸ்டீயரிங்கும் அதே நொடியில்தான் வெட்டுகிறது. தாராபுரம் சாலையில் அப்பா மிரண்டதற்குக் காரணம் இழுப்பு மட்டுமல்ல. அது சொல்லாமல் வந்தது.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. பல டர்போ கார்களில் முதல் இரண்டு கியர்களில் முழு டார்க்கையும் கம்பெனியே தருவதில்லை. வேண்டுமென்றே அடக்கி வைக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாஸ்டாஸ்பீட் 3 இதற்குப் பேர்போன உதாரணம். 263 குதிரைத்திறன், எல்லாம் முன்சக்கரத்துக்கு. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்து, கீழ் கியர்களில் இன்ஜினின் முறுக்கை கம்ப்யூட்டர் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அது ஸ்டீயரிங்கை இழுக்கத்தான் செய்தது. லேப்டாப்போடு வரும் ட்யூனர் முதலில் கை வைப்பது பல சமயம் இந்த அடக்கத்தில்தான். ‘கம்பெனிக்காரன் சும்மா பூட்டி வெச்சிருக்கான், நான் திறந்துவிடறேன்’ என்பார். பூட்டியது எதற்காக என்பது மட்டும் பில்லில் வராது.

போர் விமானத்தின் பெயர், முன்சக்கரத்தின் கால்

ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனத்துக்கு டர்போ கார் என்றால் உயிர். 1999-ல் ‘9-3 விக்கன்’ என்று ஒரு காரை இறக்கினார்கள். சாப் தயாரித்த போர் விமானத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். 2.3 லிட்டர் டர்போ. 225 குதிரைத்திறன், பிறகு 230. முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். முழுசாக மிதித்தால் கார் அடுத்த லேனுக்குப் போய்விடும் என்று கிண்டல் செய்யும் அளவுக்கு அதன் டார்க் ஸ்டீயர் பிரபலம்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. விக்கன் வைத்திருந்தவர்களில் பலர் பணம் செலவழித்து அதை மாடிஃபை செய்தார்கள், வேகத்தைக் கூட்ட அல்ல. ஸ்டீயரிங் ராக் பொருத்தப்பட்டிருந்த இடமே அழுத்தத்தில் லேசாக வளைந்துகொடுத்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், முன்பக்கச் சட்டத்தை விறைப்பாக்கும் இரும்புப் பட்டை, கெட்டியான புஷ் எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகவே விற்றது. அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘விக்கன் ரெஸ்க்யூ கிட்’. காரைக் காப்பாற்றும் பெட்டி!

ஃபோர்டின் அனுபவம் இன்னும் செலவு பிடித்தது. 2002-ல் வந்த முதல் ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் 215 குதிரைத்திறன். ஒரு சக்கரம் வழுக்கினால் பிடிமானம் உள்ள சக்கரத்துக்குச் சக்தியை மாற்றிவிடும் க்வைஃப் டிஃபரன்ஷியலை அதில் வைத்தார்கள். வளைவுகளில் அபாரம். ஆனால், மேடு பள்ளமான சாலையில் சக்தி இடமும் வலமும் மாறி மாறிப் போனதால், ஸ்டீயரிங் ஒரு நிலையில் நிற்கவில்லை. நம் ஊரில் ரீமேப் செய்துவிட்டு, ‘எல்எஸ்டி போட்டா எல்லாம் சரியாகிடும்’ என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

2009-ல் அடுத்த ஆர்எஸ் வந்தபோது சக்தி 305-ஆகிவிட்டது. ஃபோர்டு இன்ஜினீயர்கள் இந்த முறை கீலுக்கே போனார்கள். சாதாரண கார்களில் சஸ்பென்ஷன் தூணோடு சேர்ந்தே சக்கரம் திரும்பும். அதைப் பிரித்து, திரும்பும் பாகத்தைத் தனியாக, சக்கரத்தின் நடுவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். கதவின் கைப்பிடியைக் கீலுக்குப் பக்கத்தில் நகர்த்தியதுபோல. ‘ரெவோநக்கிள்’ என்று அதற்குப் பெயர். ரெனோ தன் மெகான் ஆர்எஸ்ஸில் இதே வழியில் ஏற்கெனவே போயிருந்தது. ஹோண்டா பின்னாளில் சிவிக் டைப் ஆரில் செய்ததும் இதைத்தான். 300 குதிரைத்திறனை முன்சக்கரத்தில் கட்டி மேய்க்க முடியும் என்று அந்த கார்கள் காட்டின. ஆனால், 2016-ல் வந்த மூன்றாவது ஆர்எஸ்ஸில் சக்தி 350 ஆனபோது, ஃபோர்டு நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுத்துவிட்டது.

அழகுக்குப் போட்ட அலாய், ஆபத்துக்குப் போட்ட ஸ்பேசர்

இன்ஜினைத் தொடாமலே டார்க் ஸ்டீயரைக் கூட்டும் வித்தையும் நம் ஊரில் நடக்கிறது. சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு இருந்தால் கெத்து என்று, ஆஃப்செட் குறைந்த அலாய் வீலை மாட்டுகிறார்கள். அல்லது இருக்கிற வீலுக்குள் ஸ்பேசர் வைக்கிறார்கள். கதவும் கீலும் ஞாபகம் இருக்கிறதா? சக்கரம் வெளியே போகப் போக, கைப்பிடி கீலிலிருந்து தள்ளிப்போகிறது. ஃபோர்டு கோடிகளைக் கொட்டி உள்ளே கொண்டுவந்ததை, நாம் ஓர் அலுமினிய வளையத்தை வைத்து வெளியே அனுப்புகிறோம்.

காரைத் தரையோடு தாழ்த்துவதும் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வை மாற்றிவிடும். இடப்பக்கம் ஒரு கம்பெனி டயர், வலப்பக்கம் தேய்ந்த வேறொரு டயர், காற்றழுத்தத்தில் வித்தியாசம் போன்ற சின்ன விஷயங்கள்கூட இரு பக்கச் சமநிலையைக் கெடுக்கும். பழைய கார் என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷும் இன்ஜின் மவுன்ட்டிங்கும் தளர்ந்திருக்கும். 190 நியூட்டன் மீட்டரில் வாயைத் திறக்காத தளர்ந்த புஷ், 250-ல் அலறும்.

உங்கள் காரில் இழுப்பது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே சீரான வேகத்தில் போகும்போதும் ஒரு பக்கம் இழுத்தால், டயரையோ அலைன்மென்ட்டையோ பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால், பிரேக்கைக் கவனியுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் இழுத்து, காலை எடுத்ததும் அடங்கினால் அது டார்க் ஸ்டீயர். மிதித்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம் என்று கார் ஆடினால், புஷ் போய்விட்டதா என்று உடனே பார்ப்பது நல்லது. இந்தச் சோதனைகளை எல்லாம் ஆளில்லாத மைதானத்தில், மிதமான வேகத்தில் செய்ய வேண்டும், பைபாஸில் அல்ல.

ஓட்டும்போது இழுத்துவிட்டால்? பதறிப்போய் எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்புவதுதான் பெரிய தப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இழுப்பு நின்றுவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால், கார் அந்தப் பக்கம் பாயும். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தளர்த்தினால் போதும். மழை பெய்த சாலையிலும், ஒரு பக்கச் சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியிருக்கும்போதும் அழுத்தி மிதிக்கவே கூடாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கம்பெனி வாரன்ட்டி போவதும், சொல்லாமல் செய்த மாற்றத்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் சிக்கலாவதும் தனிக் கதை. வேகம்தான் ஆசை என்றால், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது; சென்னைக்கு இருங்காட்டுக்கோட்டை. அங்கே எதிரே யாரும் வருவதில்லை.

இனி அந்த தாராபுரம் குடும்பத்துக்கு வருவோம். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிய மறுநாளே, அப்பா மகனையும் கூட்டிக்கொண்டு அலைன்மென்ட் கடைக்குப் போகிறார். கடைக்காரர் காரை மேடையில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எண்களைப் பார்க்கிறார். எல்லாம் பச்சை. டயரைத் தடவிப் பார்க்கிறார். குனிந்து, லோயர் ஆர்மைக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்கிறார். கையைத் துடைத்தபடி எழுந்து வருகிறார்.

“அலைன்மென்ட் சுத்தமா இருக்குதுங்ண்ணா. ஒரு புஷ் போயிருக்கு, மாத்திடலாம். ஆனா இந்த இழுப்புக்கு அது மட்டும் காரணமில்லீங்.” பிறகு மகன் பக்கம் திரும்புகிறார். “தம்பி, லேப்டாப் வெச்சு ஏதாச்சும் ஏத்துனீங்களா?”

அப்பா மகனைப் பார்க்கிறார். மகன் மேடையில் நிற்கும் காரைப் பார்க்கிறான்.

“பழைய ஃபைலும் கடையில இருக்குங்ப்பா” என்கிறான் கடைசியில்.

“கூப்புடு அவனை” என்கிறார் அப்பா. “சாயங்காலம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்.”